உலக வரலாற்றுப் படப் புத்தகம் வாங்கும் முன்

(வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹிஃப்ழுக்காகப் பிள்ளையை இரண்டு மூன்று வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உடல்நிலை காரணமாக வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்களும் இருக்கிறீர்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ பிள்ளை பரீட்சை எழுதிக்கொள்ளும் என்ற தைரியம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கணக்குக்கு டியூஷன் வைக்கிறோம். ஆங்கிலத்துக்கு வைக்கிறோம். வரலாற்றுக்கு யாரும் வைப்பதில்லை. "நல்ல படமா போட்ட புத்தகம் ஒன்னு வாங்கிக் கொடுத்தாப் போதும், அவனே படிச்சுக்குவான்" என்று விட்டுவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் புத்தகம் தவறாகச் சொன்னாலும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து பெஞ்சுப் பையன் வேறு எதையோ படித்துவிட்டு வந்து மறுத்துப் பேசுவான். வீட்டில் அந்த ஒரே புத்தகம்தான் ஆசிரியர். அதிலும் பத்து வயதுப் பிள்ளை எழுத்தை மறந்துவிடும், படத்தை மறக்காது. ஆகவே வரலாற்றுப் புத்தகம் வாங்கும்போது எழுத்தை விடப் படத்தைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அட்டை பளபளப்பாக இருக்கிறதா, தாள் கனமாக இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு இஸ்லாத்தைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, நம்மை நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்போம். சொல்லியிருந்தால் வாங்கிவிடுவோம்.

நான் வேறு ஒரு முறையைச் சொல்கிறேன். அது நமக்குப் புதியதும் இல்லை. ஒரு ஹதீஸ் நம்மிடம் வந்தால், அதன் கருத்து அழகாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து நாம் ஏற்பதில்லை. யார் சொன்னார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று ஸனதைப் பார்க்கிறோம். மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு இந்த வார்த்தை தெரியும். அதே கேள்வியைப் படத்திடமும் கேட்கலாம். இது புகைப்படமா, அந்தக் காலத்தவரே வரைந்ததா, இன்றைய ஓவியர் கற்பனை செய்ததா? அசல் பொருள் இப்போது எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது? நல்ல புத்தகம் இதைப் படத்துக்குக் கீழேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அல்லது கடைசிப் பக்கத்தில் பட்டியலாகத் தந்திருக்கும். இரண்டும் இல்லாத புத்தகத்தில் உள்ள படம் ஸனது இல்லாத செய்தி மாதிரிதான். கதையாகப் பார்க்கலாம், ஆதாரமாக எடுக்கக் கூடாது.

கடையில் நின்றபடியே சோதித்துப் பார்க்கச் சில படங்கள் சொல்கிறேன்.

முதலில் ஏழாம் நூற்றாண்டு அரபுகளின் படத்தைத் திறங்கள். கையில் பிறை மாதிரி வளைந்த வாள் இருக்கிறதா? ஆரம்ப கால அரபு வாள்கள் நேரானவை, இரு பக்கமும் கூர் உள்ளவை. வளைந்த வாள் துருக்கியர் வழியாகப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பரவியது. வளைந்த வாள் வரைந்த ஓவியர் அருங்காட்சியகத்தைப் பார்க்கவில்லை, சினிமாவைப் பார்த்திருக்கிறார்.

இது நம்மைப் பற்றிய தவறு என்பதால் மட்டும் சொல்லவில்லை. வைக்கிங்குகளின் பக்கத்தையும் திறங்கள். அவர்கள் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டிருக்கிறார்களா? அவர்கள் போருக்கு அப்படிப் போனதாக எந்தச் சான்றும் இல்லை. 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்காகத் தைத்த உடையிலிருந்து பரவிய படம் அது. எகிப்துப் பக்கத்தில் பிரமிடு கட்டுபவர்களைச் சாட்டையால் அடிக்கிறார்களா? கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே அவற்றைக் கட்டிய வேலையாட்களின் கல்லறைகள் 1990இல் கிடைத்தன. அரசனின் கல்லறைக்கு அருகே மரியாதையோடு புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். உடைந்த எலும்பு வைத்தியம் பார்த்துக் கூடியிருந்த அடையாளமும் அந்த எலும்புக்கூடுகளில் இருந்தது. சாட்டையடி அடிமைக் கூட்டம் என்ற படம் அதற்குப் பிறகு நிற்காது. வைக்கிங் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்தவர் அரபுகள் விஷயத்திலும் அப்படித்தான் இருப்பார்.

அடுத்து பொருளடக்கம். மேற்கு ரோமப் பேரரசு 476இல் விழுந்தது. கொலம்பஸ் புறப்பட்டது 1492இல். நடுவில் ஆயிரம் வருடம். அந்த ஆயிரம் வருடத்துக்கு எத்தனை பக்கம், அதில் ஐரோப்பாவுக்கு வெளியே எத்தனை பக்கம் என்று விரல் விட்டு எண்ணுங்கள். சில புத்தகங்கள் அதை 'இருண்ட காலம்' என்று சொல்லி இரண்டு பக்கத்தில் தாண்டிவிடும். அந்த இருட்டில்தான் 762இல் கலீஃபா மன்சூர் பக்தாதை வட்ட வடிவ நகரமாகக் கட்டத் தொடங்கினார். சீனாவில் புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்தைத் தாக்கின. 1324இல் மாலி நாட்டு அரசர் மன்ஸா மூஸா தங்கத்தோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுக் கெய்ரோவைத் திகைக்க வைத்தார். பக்தாத், சீனா, சோழர், மாலி ஆகிய நான்கில் இரண்டாவது இருந்தால் அந்தப் புத்தகத்தை மேற்கொண்டு புரட்டிப் பார்க்கலாம்.

மன்ஸா மூஸாவின் படம் பல புத்தகங்களில் வரும். கையில் தங்க உருண்டையைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். அது 1375ஐ ஒட்டி மயோர்க்கா தீவில் வரைந்த கத்தலான் வரைபடத்தில் உள்ளது. அசல் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆக, ஸனது உள்ள படம். ஆனால் வரைந்தவர் மாலிக்குப் போனதில்லை, அரசரைப் பார்த்ததும் இல்லை. ஹஜ் முடிந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது. தலையில் இருப்பது ஐரோப்பிய ராஜாக்களின் கிரீடம். பத்து வயதுப் பிள்ளையிடம் "இவர் தலையில் ஏன் இந்தக் கிரீடம்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசலாம். வரலாற்றுப் பாடம் அதுதான்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1569இல் மெர்காட்டர் வகுத்த முறையில் வரைந்த உலகப் படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது. மெர்காட்டர் வரைந்தது மாலுமிகள் திசை பிடிக்க. அதற்கு அது சரி. நாடுகளின் அளவை ஒப்பிட அது உதவாது. ஒரே ஒரு மெர்காட்டர் படத்தை வைத்தே உலக வரலாறு முழுவதையும் சொல்லும் புத்தகம் வேண்டாம். அல்இத்ரீசீ 1154இல் சிசிலியில் கிறிஸ்தவ அரசர் ரோஜருக்காக வரைந்த உலகப் படம் இருந்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள். அதில் தெற்கு மேலே இருக்கும். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அரேபியா பழகிய இடத்தில் வரும். வடக்கு மேலே இருப்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட பழக்கம் என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். வாஸ்கோட காமாவின் பக்கம் இல்லாத உலக வரலாற்றுப் புத்தகம் கிடையாது. விரிந்த பாய், அதில் சிலுவை, கரையில் வியந்து நிற்கும் மக்கள். 1498இல் இந்தியாவுக்கு வழி 'கண்டுபிடித்தார்' என்று எழுதியிருக்கும். அந்தக் கடலில் அரபுகளும் குஜராத்திகளும் மாப்பிள்ளைமாரும் நம் மரைக்காயர்களும் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தியில் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்ட பிறகுதான் அவரே கடலைக் கடந்தார். 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலைப் பிடித்தார். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்கள் அதில் இருந்தார்கள். பொருளை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் தீ வைத்தார். இதை நாம் சொல்லவில்லை. அவர் படையோடு வந்த தோமே லோபஸ் என்ற போர்ச்சுகீசியர் நேரில் பார்த்து எழுதி வைத்தது.

இந்தச் செய்தி இல்லை என்பதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். எறியத் தொடங்கினால் ஒரு புத்தகமும் மிஞ்சாது. அந்தப் பக்கம் வரும்போது உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து, "கரையில் நிற்பவர்கள் இதை எப்படி எழுதியிருப்பார்கள்?" என்று கேளுங்கள். 'கண்டுபிடித்தார்' என்ற இடத்தில் பென்சிலால் 'வந்து சேர்ந்தார்' என்று பிள்ளையையே எழுத வையுங்கள்.

சரி, நம்மவர்கள் வெளியிடும் புத்தகத்தையே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் நான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. முஸ்லிம்களின் சாதனைகள் என்று வண்ணப் படங்களோடு வரும் சில புத்தகங்களில் பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவர்களே நாம்தான் என்று இருக்கும். அல்குவாரிஸ்மீயே எழுதிய கணித நூலின் பொருள் இந்தியர்களின் எண் முறை. அரபு மூலம் தொலைந்து, லத்தீன் மொழிபெயர்ப்பு மட்டும் நிற்கிறது. யாரிடமிருந்து எடுத்தேன் என்று அவர் மறைக்கவில்லை, நாம் ஏன் மறைக்க வேண்டும்? வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித்தான் என்றும் படத்தோடு போட்டிருப்பார்கள். இப்னு மாஜித் மாபெரும் கடல் அறிஞர், சந்தேகமில்லை. ஆனால் அந்த வழிகாட்டி அவர்தான் என்பதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

பிள்ளை பதினைந்து வயதில் வெளியே போய், இதில் ஒன்று தவறு என்று யாரோ ஒருவரிடம் கேட்டுவிட்டால், மீதி எல்லாவற்றையும் சேர்த்துச் சந்தேகப்படும். இப்னு அல்ஹைதம் ஒளியைப் பற்றிச் செய்த சோதனையும் பொய்யோ, அஸ்ஸஹ்ராவியின் அறுவைக் கருவிப் படங்களும் பொய்யோ என்று தோன்றும். அந்த இரண்டும் உறுதியான உண்மை. பெருமைக்காகச் சேர்த்த ஒரு பொய்யால் உண்மையான பெருமையும் போய்விடும்.

இன்னொன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தது. இப்னு பதூதாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் பல இருக்கின்றன. 1325இல் தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார், ஒட்டகம், கப்பல், டெல்லி, மாலத்தீவு என்று அழகாகப் போகும். அவர் மதுரைக்கும் வந்தார் என்பது பெரும்பாலும் இருக்காது. 1340களில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. அந்தச் சகலை போரில் பிடித்தவர்களை, பெண்களையும் குழந்தைகளையும் கூட, கொடூரமாகக் கொன்றதைத் தன் கண்ணால் பார்த்து இப்னு பதூதா எழுதியிருக்கிறார். இப்படி ஒரு இழிசெயலை வேறு எந்த அரசரும் செய்து தான் பார்த்ததில்லை என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். சொந்தக்காரர், முஸ்லிம், விருந்து வைத்தவர் என்று அவர் மூடி மறைக்கவில்லை. நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறதே குர்ஆன், அந்நிஸா அத்தியாயத்தில்? அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடைக்குமா?

மீரி கப்பலையும் சொல்ல வேண்டும், மதுரையையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. எந்த வயதில் சொல்வது என்பது உங்கள் பிள்ளையைப் பொறுத்தது. எட்டு வயதில் இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பன்னிரண்டு, பதின்மூன்றில் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

நபிமார்களின் உருவப் படத்தைப் பற்றிச் சில சகோதரிகள் முன்கூட்டியே கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் சிலவற்றில் நபி (ஸல்) அவர்களைச் சித்தரிக்கும் பழைய பாரசீக, துருக்கி ஓவியங்களை அச்சிட்டிருப்பார்கள். வாங்கும் முன் இஸ்லாம் பக்கத்தையும் ஈஸா (அலை), மூஸா (அலை) வரும் பக்கங்களையும் நீங்களே ஒரு தடவை புரட்டிவிடுங்கள். அப்படிப்பட்ட புத்தகத்தை வீட்டில் வைக்கலாமா, பொதுவாக உருவப் படங்கள் எந்த அளவுக்குக் கூடும் என்பதெல்லாம் ஆலிம்களிடம் கேட்க வேண்டியவை. நான் பேசக் கூடாது. ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளைக்குத் தெரியாமல் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கிழித்த பக்கத்தைத்தான் பிள்ளை முதலில் தேடும். நாம் ஏன் வரைவதில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளை முன்னாலேயே தாள் ஒட்டி மறைத்தால் அதுவும் ஒரு பாடம்.

எந்தப் புத்தகம் என்று பெயர் சொல்லச் சொல்வீர்கள். டி.கே. நிறுவனத்தின் புத்தகங்களில் அருங்காட்சியகப் பொருட்களின் புகைப்படம் அதிகம். நான் சொன்ன ஸனது அங்கே சுலபமாகக் கிடைக்கும். எழுத்து துண்டு துண்டாக இருக்கும், கதை ஓட்டம் இருக்காது. அஸ்போர்ன் புத்தகங்களில் சின்னச் சின்ன வரைபடங்கள், எளிய ஆங்கிலம். சிறிய பிள்ளைகளுக்கு ஏற்றது, ஆனால் பெரும்பாலும் ஓவியர் வரைந்தவை. கதை மாதிரி ஓட வேண்டும் என்றால் கோம்ப்ரிச் 1935இல் வியன்னாவில் பிள்ளைகளுக்காக எழுதிய சிறு உலக வரலாறு இருக்கிறது. இஸ்லாத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆனாலும் கதை ஐரோப்பாவைச் சுற்றியே வரும். வான் லூன் 1921இல் தானே படம் போட்டு எழுதிய மனித குலக் கதை பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பெரிய விருது வாங்கியது. அதில் இஸ்லாம் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பே நபியவர்களை ஒட்டகம் ஓட்டியவர் என்றுதான் அறிமுகம் செய்கிறது. சின்னப் பிள்ளை கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

நேரு சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களையும் மறக்க வேண்டாம். 1930இல் மகளின் 13ஆவது பிறந்தநாளை ஒட்டித் தொடங்கி மூன்று வருடம் எழுதினார். நூலகம் இல்லாத சிறையில் ஒரு தகப்பன் பிள்ளைக்கு உலக வரலாறு சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதே நமக்குத் தெம்பு. பக்தாதும் குர்துபாவும் அதில் நன்றாக வருகின்றன. 'உலக சரித்திரம்' என்று ஓ.வி. அளகேசன் மொழிபெயர்ப்பில் தமிழிலும் வந்திருக்கிறது. படம் கிடையாது, வரைபடங்கள்தான். ஒரு படப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் இரண்டும் சேர்ந்து நிறையும்.

தமிழ் வழியில் படித்த தாய்மார்கள், "எனக்கு ஆங்கிலம் சரளமா வராது, அதனால அவனையே படிக்க விட்டுட்டேன்" என்கிறீர்கள். படத்தைக் கேள்வி கேட்க ஆங்கிலம் வேண்டாம். வாள் நேராக இருக்கிறதா, கிரீடம் யாருடையது, கரையில் நிற்பவர் யார் என்று தமிழில் கேளுங்கள். கீழே உள்ள இரண்டு வரி ஆங்கிலத்தைப் பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். அதிலேயே ஆங்கிலமும் வந்துவிடும்.

விலையும் அதிகம்தான். பார்க்காமல் வாங்க வேண்டாம். சென்னைக்குப் போகிறவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்குப் போகிறவர்கள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் ஆளுக்கொரு புத்தகமாக வாங்கி மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே சம்பவத்தை இரண்டு புத்தகத்தில் பார்க்கும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பையன் செய்யும் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

கூட்டம் முடிந்ததும் அறக்கட்டளை வாங்கி வைத்திருக்கும் புத்தகங்களை முன் மேஜையில் பார்க்கலாம். பெண்கள் பகுதிக்கும் தனியாக இரண்டு அனுப்பியிருக்கிறோம். மன்ஸா மூஸா பக்கத்திலும் வாஸ்கோட காமா பக்கத்திலும் தாள் சொருகி வைத்திருக்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வந்து பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப் போக விரும்புபவர்கள் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு 15 நாள் வைத்துக்கொள்ளலாம்.